பெயர்களில் வாழும் பெருநகரம்

வரதராஜன்பேட்டையிலிருந்து புறப்படுவோர் முந்திரித் தோப்புகளைக் கடந்து ஆண்டிமடம் வந்து, ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரத்தை அடையலாம். கும்பகோணத்திலிருந்து வருவோருக்கு அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து வரும் வழி. எவ்வழியாக வந்தாலும், பெரும்பாலான அன்பர்கள் கோயில் வாசலில் இறங்கி, பெருவுடையாரைத் தரிசித்து, அர்ச்சனை முடித்து, ஒரு மணி நேரத்தில் வண்டி ஏறிவிடுகிறார்கள். அது போதாது என்பது அடியேனின் எண்ணம். ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகராக விளங்கிய ஊர் இது. அந்நகரில் இன்று நிமிர்ந்து நிற்பது கோயில் ஒன்றுதான். மற்றவையெல்லாம் ஊரார் சொல்லும் கதைகளிலும், சுற்றியுள்ள சிற்றூர்களின் பெயர்களிலும் ஒளிந்திருக்கின்றன. அவற்றைக் காண நடக்கத்தான் வேண்டும்.

காலை வெயில் ஏறுமுன் வருவது வயதானவர்களுக்கு நல்லது. பிராகாரத்துக் கல்தரை பத்து மணிக்கெல்லாம் பாதத்தைச் சுடத் தொடங்கிவிடும்.

உள்ளே நுழைந்ததும், இத்தனை பெரிய ஆலயத்துக்கு நிறைவான மதிலும் ஓங்கிய கோபுரமும் எங்கே என்ற கேள்வி எழும். கிழக்கு வாயிலில் இடிந்த அடிப்பகுதியே எஞ்சியிருக்கிறது. திருச்சுற்று மாளிகையின் பெரும்பகுதி தரைமட்டம். படையெடுப்பால் நேர்ந்த அழிவு என்று பலர் எண்ணுகிறார்கள். கதை வேறு. 1836-ஆம் ஆண்டு வாக்கில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட முற்பட்ட கும்பினி அரசு, அதற்கு வேண்டிய கருங்கல்லுக்காக இக்கோயிலின் மதிலைப் பிரித்தது. ஊர் மக்கள் தங்களால் இயன்றவரை தடுத்தார்கள், அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவோம் என்று அதிகாரிகள் வாக்களித்தார்கள். அந்த வாக்குறுதி நிறைவேற்றப்படவே இல்லை என்று 1855-இல் வெளிவந்த ஆங்கில நூல் ஒன்றே வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது. கும்பகோணத்திலிருந்து வரும் அடியார்கள் பெருவுடையாரின் மதிற்கற்களைத் தாங்கிய அணையைக் கடந்துதான் அவர் சந்நிதிக்கு வருகிறார்கள். அந்த அணையால் எத்தனையோ வயல்கள் விளைந்தன என்பதும் உண்மை. ஆயினும், தங்கள் சுவாமிக்காகக் குறுக்கே நின்று தண்டனை பெற்ற அந்த ஊராரில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கம் அங்கு நிற்கும்போது எழத்தான் செய்கிறது.

விமானம் ஏறத்தாழ 180 அடி உயரம். தஞ்சையில் தந்தை இராஜராஜன் எடுத்த விமானம் நேர்கோடாய் விண்ணை நோக்கி ஏறுகிறது. இங்கே மகன் இராஜேந்திரன் எடுத்தது உட்குழிந்து வளைந்து நளினமாக உயர்கிறது. தந்தையின் கோயிலைவிட உயரத்தில் ஒரு படி தாழ்த்தியே கட்டினான் என்று பெரியோர் சொல்வது கேட்க இனிமையானது. கருவறையில் 13 அடி உயரப் பெருவுடையார் எழுந்தருளியிருக்கிறார். ஐப்பசிப் பௌர்ணமியன்று மூட்டை மூட்டையாய் அரிசி வடித்து அந்தத் திருமேனி முழுவதையும் அன்னத்தால் மூடும் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும்.

எதிரே அமர்ந்திருக்கும் பெரிய நந்தியெம்பெருமான் மீது படும் காலைக் கதிரவன் ஒளி பிரதிபலித்து மூலவர் மீது விழுகிறது என்பார்கள். கருவறைக்குள் சந்திரகாந்தக் கல் இருப்பதால் கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பும் நிலவுகின்றன என்றும் சொல்வார்கள். இவற்றை அளந்து பார்க்க வந்தவர்கள் அல்லவே நாம். கேட்டுக்கொண்டு மேலே நடப்போம்.

கனக விநாயகர் கதையை மட்டும் நின்று கேட்க வேண்டும். கையில் எழுத்தாணி ஏந்திய இவரை ஊரார் கணக்கப் பிள்ளையார் என்றே அழைக்கிறார்கள். திருப்பணிக்கு எவ்வளவு செலவாயிற்று என்று மன்னன் திடீரெனக் கணக்குக் கேட்டானாம். ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை. பொறுப்பாளரிடம் சரியான ஏடு இல்லை. இந்தப் பிள்ளையாரிடம் வந்து அழுதார். பிள்ளையார் அருளால் கணக்கு பிறந்தது. எப்படி? கல்லில் கோடு பிடிக்கும் எத்துநூலுக்கு மட்டுமே எட்டு லட்சம் பொன் ஆயிற்று! நூலுக்கே இவ்வளவு என்றால் கல்லுக்கும் கூலிக்கும் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்த மன்னன் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லையாம். கணக்கெழுதிப் பிழைத்த குடும்பங்களில் பிறந்தவர்கள் இக்கதையை அனுபவித்துச் சிரிப்பார்கள்.

வடபுறப் படிக்கட்டின் அருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி. மற்ற சிற்பங்களை விரைந்து பார்த்தாலும் இங்கே சற்று அமர்ந்து பார்ப்பது தகும். உமையம்மை உடனிருக்க, இறைவன் தம் கையாலேயே சண்டேசரின் தலையில் மலர்மாலையைச் சுற்றுகிறார். சண்டேசர் கைகூப்பி, தலை தாழ்த்தி இருக்கிறார். பூசைக்கு வைத்த பாற்குடத்தை இடறிய தந்தையின் காலைத் துணித்த விசாரசருமர் இவரே. அவர் அவதரித்த திருச்சேய்ஞலூர் கொள்ளிடத்தின் தென்புறத்தில், மண்ணியாற்றங்கரையில் இருக்கிறது. கங்கை வரை வென்ற இராஜேந்திரனே இச்சிற்பத்தில் சண்டேசராக முடிசூடுகிறான் என்று கருதுவோர் உண்டு. அப்படியானால், தன் வெற்றியைச் சொல்ல அம்மன்னன் தேர்ந்தெடுத்த உருவம் வாளேந்திய வீரன் அல்லன், தலை தாழ்த்திய ஓர் அடியார்.

ஒரே கல்லில் அமைந்த நவக்கிரகத் தொகுதியையும் காணத் தவற வேண்டாம். ஏழு குதிரைகள் பூட்டிய தேரும் மேலே மலர்ந்த தாமரையுமாய்ச் சூரிய பகவான் நடுவில் விளங்க, மற்ற கிரகங்கள் சூழ்ந்திருக்கின்றன.

வெளியே வந்தால் சிம்மக் கிணறு. சுதையாலான பெருஞ்சிங்கத்தின் வயிற்றின் வழியே படிகள் இறங்குகின்றன. வடநாட்டிலிருந்து குடம் குடமாய் வந்த கங்கை நீரை மன்னன் இதில்தான் ஊற்றினான் என்பது ஊர் வழக்கு. சிங்க முக வாயிலோ பிற்காலத்தது; 19-ஆம் நூற்றாண்டில் உடையார்பாளையம் ஜமீன்தார் அமைத்தது என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. சிங்கம் பிற்காலத்தது என்பதால் கங்கை பொய்யாகிவிடாது என்று ஊராரும் விடாமல் சொல்கிறார்கள்.

தென்மேற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடந்தால் மாளிகைமேடு. அரண்மனை இருந்த இடம். தொல்லியல் துறை தோண்டியபோது செங்கற் சுவர்களின் அடித்தளங்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. மேற்கட்டுமானம் ஏதும் இல்லை. ஆனால் வழியில் எதிர்ப்படும் ஒரு முதியவரை நிறுத்தி, "ஐயா, இந்தப் பக்கத்து ஊர்களின் பெயர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். உட்கோட்டை என்பார், கோட்டையின் உட்பகுதி. ஆயுதக்களம் என்பார், படைக்கலங்கள் இருந்த இடம். மெய்க்காவல்புத்தூர் அரசனின் மெய்க்காப்பாளர் குடியிருப்பு. சுண்ணாம்புக்குழி கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அரைத்த இடம். யுத்தபள்ளத்துக்கு விளக்கமே வேண்டாம். கடாரங்கொண்டான் என்றொரு ஊர், கடல் கடந்து கடாரத்தை வென்ற செய்தியைச் சுமந்து நிற்கிறது. கருங்கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோக முடிந்தது. இப்பெயர்களை எவராலும் கொண்டுபோக முடியவில்லை.

கங்கை வெற்றியின் நினைவாக மன்னன் வெட்டிய பேரேரி சோழகங்கம். நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் போற்றுகிறது. மக்கள் அதைப் பொன்னேரி என்கிறார்கள். தெற்கு வடக்காக 16 மைல் நீண்டிருந்தது அதன் கரை. கொள்ளிடத்து நீரைக் கால்வாய் வெட்டிக் கொணர்ந்தார்கள். பகைப்படை வந்து அழித்ததால் ஏரி தூர்ந்தது என்று செவிவழிச் செய்தி உண்டு. இன்று எஞ்சிய கரையில் மாலை வேளையில் நடப்பது உடலுக்கும் மனத்துக்கும் இதம்.

இன்னும் கால் வலிக்காதவர்கள், அல்லது ஆட்டோ பிடிக்க மனமுள்ளவர்கள், செங்கமேட்டுக்குச் செல்லலாம். அங்குள்ள காளியும் பைரவரும் பைரவியும் செந்நிறக் கல்லில் வடிக்கப்பட்டவர்கள். இந்தப் பக்கத்துக் கல் அன்று அது. கலிங்கத்திலிருந்து வெற்றிச் சின்னங்களாகக் கொண்டுவரப்பட்ட திருவுருவங்கள் என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். கொண்டுவந்த மன்னனும் இல்லை, அவன் மாளிகையும் இல்லை. காளி இருக்கிறாள். எங்கிருந்து வந்தவள் என்று ஊர்ப் பெண்கள் கேட்பதில்லை. அவர்களுக்கு அவள் தங்கள் ஊர்க் காளியம்மன்.