முகவரியில் தொடங்கும் படிப்பு

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறது கிங்ஸ்டன். சாக்சன் அரசர்கள் முடிசூடிய ஊர் என்று சொல்லி, நகர மன்றத்தின் அருகே ஒரு பழைய கல்லுக்குக் கம்பி வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்துப் படிப்பின் எல்லாப் படிகளையும் நடந்தே பார்க்க இந்த ஊர் தோதானது என்று சொன்னவர், பக்கத்து நியூ மால்டனில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. தொடக்கப்பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியையாக இருக்கிறார். அந்தப் பள்ளியைச் சுற்றிப் பார்க்க எனக்கு முன்கூட்டியே அனுமதியும் வாங்கி வைத்திருந்தார்.

வரவேற்பறையில் பெயர் எழுதி, கழுத்தில் அட்டை மாட்டி, கைபேசியை ஒரு பெட்டியில் போட்ட பிறகுதான் உள்கதவு திறந்தது. முதலில் நர்சரி. வெளியே அக்டோபர் தூறல். பாதிப் பிள்ளைகள் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் அணிந்து, முற்றத்தில் பழைய சட்டிகளில் சேறு கிண்டி 'சூப்' வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை ஒருவர் குந்தி உட்கார்ந்து, "எத்தனை கரண்டி ஊற்றினாய்?" என்று ஒரு சிறுமியிடம் கேட்டார். நான்கு என்று வந்த பதிலைக் குறித்துக்கொண்டார். அன்றைய கணக்குப் பாடம் அவ்வளவுதான்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாரம் 15 மணி நேரம், வருடத்துக்கு 38 வாரம், செலவு அரசுடையது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஒன்பது மாதக் குழந்தை முதலே 30 மணி நேரம் கிடைக்கிறது. அதைத் தாண்டினால் கை சுடும். இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. சம்பளச் செலவு அப்படி ஏறுகிறது.

அடுத்த கதவு ரிசப்ஷன் வகுப்பு. நான்கு வயது முடிந்தவர்கள் செப்டம்பரில் சேர்வார்கள். முப்பது பேருக்கு மேல் ஒரு வகுப்பில் கூடாது. பாடப்புத்தகம் கண்ணில் படவில்லை. கம்பளத்தில் உட்கார்ந்து எழுத்தொலிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டு ஜூனில் இதற்கு ஒரு பரிசோதனை உண்டு. போன வருடத் தாளை அக்கா காட்டினார். நாற்பது சொற்கள், அதில் பாதி அர்த்தமே இல்லாதவை, 'வாப்' என்பது மாதிரி. அப்படிப்பட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு பூதத்தின் படம். இது பூதத்தின் பெயர், படி பார்க்கலாம் என்பார்களாம். மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே மாட்டிக்கொள்ளும்; எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை தப்பிக்கும். நான் பார்த்த தேர்வுத் தாள்களிலேயே புத்திசாலித்தனமானது இதுதான்.

நான்காம் ஆண்டில் வாய்ப்பாட்டுத் தேர்வு: பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறு விநாடி. ஆறாம் ஆண்டு மே மாதம் சாட்ஸ் எனும் தேசியத் தேர்வு. அதில் 100 என்பது எதிர்பார்க்கும் அளவு. அந்த மதிப்பெண் பிள்ளையைவிடப் பள்ளியின் பெயருக்குத்தான் அதிகம் உதவுகிறது. அதைக் காட்டி மேல்நிலைப் பள்ளியில் இடம் கேட்க முடியாது.

பிறகு இடம் எப்படிக் கிடைக்கிறது? மாலையில் அக்காவோடு ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியின் 'ஓப்பன் ஈவினிங்'குக்குப் போனேன்; பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் மாலை அது. அவருடைய கடைக்குட்டி ஆறாம் ஆண்டு. பெற்றோர் அக்டோபர் 31-க்குள் கவுன்சிலுக்கு விருப்பப் பட்டியல் அனுப்ப வேண்டும். எங்களைச் சுற்றிக் காட்டியது பதின்மூன்று வயதுப் பையன். ஆய்வகத்தில் பன்றி இதயம் ஒன்றை அறுத்துக் காட்டினார்கள். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "பீட்சா நாளில் மட்டும் பரவாயில்லை" என்றான், தலைமையாசிரியர் பக்கத்தில் நிற்கும்போதே.

மண்டபத்தில் பெற்றோர் கேட்ட கேள்விகளில் பாதி, பாடத்தைப் பற்றியதல்ல, தூரத்தைப் பற்றியது. நல்ல பெயருள்ள பள்ளிகளில் விண்ணப்பம் அதிகமானால், உடன்பிறந்தவர் அங்கே படிப்பது போன்ற சில முன்னுரிமைகளுக்குப் பிறகு, வீட்டிலிருந்து பள்ளிக்குள்ள தூரத்தை அளந்துதான் இடம் கொடுக்கிறார்கள். லண்டனில் சில பள்ளிகளில் கடைசி இடம் அரை கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது.

"நாங்கள் வீடு வாங்கேக்கை அறையளைப் பாக்கேல்லை, தம்பி. பள்ளிக்கூடம் எத்தினை மீட்டர் எண்டுதான் பாத்தனாங்கள்," என்றார் அக்கா.

இலவசப் பள்ளிதான். ஆனால் பள்ளியை ஒட்டிய தெருவில் வீட்டு விலை எகிறி நிற்கிறது. கட்டணம் வாங்காத பள்ளிக்கு அடமானக் கடன் வழியாகக் கட்டணம் கட்டுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் லண்டன் ரோடில் நடந்தேன். 1309-இல் நிறுவப்பட்ட லவ்கின் சிற்றாலயம் இன்னும் நிற்கிறது. 1561-இல் முதலாம் எலிசபெத் அளித்த சாசனத்தால் அங்கே தொடங்கியது கிங்ஸ்டன் கிராமர் ஸ்கூல். வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் இங்கே படித்தவர். இன்று அது தனியார் பள்ளி. வருடத்துக்கு இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டும். 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணங்களுக்கு 20 சதவீத வாட் வரி வேறு. நாட்டில் நூற்றுக்கு ஆறேழு பிள்ளைகள்தான் இப்படிப் பணம் கட்டிப் படிக்கிறார்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் டிஃபின் பள்ளி. இதில் ஒரு பென்னி கட்டணம் கிடையாது. 'லெவன் பிளஸ்' எனும் நுழைவுத் தேர்வு மட்டும். இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் 163 அரசு கிராமர் பள்ளிகளில் இதுவும் ஒன்று. 1944 சட்டத்துக்குப் பிறகு பதினொரு வயதில் பிள்ளைகளைத் தரம் பிரிப்பதே நடைமுறையாக இருந்தது. 1965-இல் கல்வி அமைச்சர் ஆன்டனி கிராஸ்லாண்ட் அனுப்பிய சுற்றறிக்கைக்குப் பின் பெரும்பாலான ஊர்கள் அதைக் கைவிட்டன. சில ஊர்கள் பிடிவாதமாக விடவில்லை. தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கிராமர் பள்ளிகளின் பேரை மந்திரம் போலச் சொல்கின்றன. "மூண்டாம் வகுப்பிலையே டியூசன் தொடங்கீடும். சனி காலமை தமிழ் வகுப்பு, பின்னேரம் லெவன் பிளஸ்" என்றார் அக்கா. சேற்றில் சூப் வைத்த பிள்ளைகளுக்கு அடுத்த ஐந்தாறு வருடத்தில் இது காத்திருக்கிறது.

பதினாறு வயதில் ஜிசிஎஸ்இ தேர்வு. எட்டுப் பத்துப் பாடங்கள், 9 முதல் 1 வரை தரம், 9 உச்சம். ஆங்கிலத்திலோ கணக்கிலோ 4 வாங்காதவர்கள் அந்தப் பாடத்தைத் தொடர்ந்து படித்தாக வேண்டும். அதன் பிறகு பதினெட்டு வரை ஏதாவது ஒரு படிப்போ பயிற்சியோ கட்டாயம். பள்ளியிலேயே தொடர்பவர்கள் பெரும்பாலும் மூன்றே பாடங்களில் ஏ-லெவல் எழுதுகிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளை வேதியியலை விட்டால் மருத்துவக் கல்லூரிக் கதவுகளில் பெரும்பாலானவை அப்போதே மூடிக்கொள்ளும். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு குறுக்குவது நல்லதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மாற்று வழி கிங்ஸ்டன் காலேஜ். கிராமர் பள்ளிகளின் பேர் சொல்லும் யாரும் இதன் பேரை எடுக்கவில்லை. ஆனால் குழாய் வேலை, மின்வேலை, குழந்தைப் பராமரிப்பு என்று கைத்தொழில் கற்பவர்களும், முப்பது வயதில் ஆங்கிலம் படிக்க வந்தவர்களும் இப்படிப்பட்ட கல்லூரிகளில்தான் சேருகிறார்கள். பள்ளியில் கோட்டைவிட்டவருக்கு இரண்டாவது வாய்ப்பு தருவதில் இவற்றுக்கு ஈடில்லை.

அடுத்து பென்ரின் ரோடு. அங்கே உள்ள கிங்ஸ்டன் பல்கலைக்கழகம் 1992 வரை பாலிடெக்னிக். அதன் டவுன் ஹவுஸ் கட்டடம் 2021-இல் கட்டடக்கலைக்கான ஸ்டர்லிங் விருது பெற்றது. ஒரே கூரைக்குள் நூலகமும் நடன அரங்கும். உள்ளே ஒரு மாணவி மடிக்கணினியைத் திறந்து வைத்து, தம்பியின் யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கை) விண்ணப்பத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் என்றால் அக்டோபர் 15 கடைசி. ஆசிரியர் கணித்த தரத்தை வைத்து நிபந்தனையோடு இடம் தருவார்கள். ஆகஸ்டில் முடிவு வந்ததும் உறுதியாகும், அல்லது மிச்ச இடங்களைத் தேடித் தொலைபேசியில் ஓட வேண்டும்.

உள்நாட்டு மாணவருக்கு 2025-26-இல் ஆண்டுக் கட்டணம் 9,535 பவுண்டு வரை. கடனாகக் கிடைக்கும். ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். நாற்பது வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. ஸ்காட்லாந்து வேறு கதை: அங்கே ஹையர் தேர்வு, நான்கு வருடப் பட்டம், அவர்கள் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை.

வேலை விசாவில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அருகிலுள்ள பள்ளிகளில் கடைசி இடம் எத்தனை மீட்டரில் முடிந்தது என்று கவுன்சில் இணையதளத்தில் பாருங்கள். ரிசப்ஷனுக்குக் கடைசி நாள் ஜனவரி 15. அரசுப் பள்ளி உங்கள் பிள்ளைக்கும் இலவசம். ஆனால் பல்கலைக்கழகம் போகும்போது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வந்திருக்காவிட்டால், பொதுவாக வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைத்தான் கேட்பார்கள்.