அட்டாலியில கிடந்த டிவி கேம்

மஞ்சள் நடவு வேலையில ரெண்டு வாரமா எழுத முடியலை. இன்னிக்கு விவசாயம் இல்லாத ஒரு சேதி.

போன மாசம் கோடை மழையோட அடிச்ச காத்துல எங்க ஊர்ல ரெண்டு நாளா நெட் இல்லைங்க. கரண்ட் மறுநாளே வந்துருச்சு, நெட்டு வரலை. லீவுக்கு வந்திருந்த பேரனுக்கு (மக பையன், பெங்களூர்ல மூணாவது படிக்கிறான்) பொழுது போகலை. அட்டாலியில ஏறி எதையோ உருட்டி, ஒரு துணி மூட்டையை இறக்கிட்டு வந்தான்.

"அப்பிச்சி, இது என்ன?"

பிரிச்சா டிவி கேம். உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். வெள்ளையும் சிவப்புமா ஒரு பெட்டி, ரெண்டு ரிமோட்டு, மஞ்சள் கலர் கேசட்டு. கேசட்டு மேல 9999 கேம்னு போட்டிருக்கும், உள்ள போனா அதே பத்துப் பதினஞ்சுதான் திரும்பத் திரும்ப வரும். ஜப்பான்ல நின்டெண்டோ கம்பெனி 1983ல ஃபேமிகாம்னு ஒண்ணு விட்டாங்க. அதைப் பாத்துச் செஞ்ச நகல்தான் நம்ம ஊர்ச் சந்தைக்கெல்லாம் வந்தது. 2003ல ஈரோட்டுல மஞ்சள் போட்டுட்டு வரும்போது என் பையனுக்கு வாங்கியாந்தேன். அப்ப அவனுக்கு எட்டு வயசு.

அது ஏன் அட்டாலிக்குப் போச்சுன்னு பேரன் கேட்டான். சொல்லலை. உங்ககிட்ட சொல்றேன்.

2011 பிப்ரவரி. பையனுக்குப் பத்தாவது பரிட்சைக்கு ஒரு மாசம்கூட இல்லை. அப்ப எங்களுக்கு ராத்திரி கரண்ட்டு. ரெண்டு மணிக்குத் தண்ணி கட்டிட்டு, சேத்துக் காலோட வீட்டுக்குள்ள வர்றேன். இவன் சத்தத்தைக் குறைச்சு வச்சிட்டு விளையாடிட்டு இருக்கான். எனக்கு வந்த கோவத்துல ஒரு வார்த்தை பேசலை. பெட்டியை அப்படியே ஒரு இழு இழுத்தேன். ஒயர் பிடுங்கிட்டு வந்துச்சு. அட்டாலியில வீசினேன். அவனும் ஒண்ணும் பேசலை. நல்ல மார்க் வாங்கினான், டிப்ளமோ போனான், இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனியில மெயின்டனன்ஸ் வேலை. மாசாமாசம் பணம் அனுப்புறான். ஆனா அந்த ராத்திரிக்கப்புறம் என்கிட்ட அவன் இது வேணும்னு எதையும் கேட்டதில்லைங்க.

பேரன் விடலை. ஓட வச்சுக் குடு அப்பிச்சின்னு ஒரே பிடிவாதம். நம்மகிட்ட மோட்டாருக்கு வச்சிருக்கிற மல்டிமீட்டரும் சால்ட்ரிங் அயர்னும் இருக்கு. சரின்னு உட்கார்ந்தேன்.

மோட்டார் ஓடலைன்னா என்ன பண்ணுவோம்? எடுத்ததும் மோட்டாரைக் கழட்ட மாட்டோம். கரண்ட் வருதா, ஃபியூஸ் இருக்கா, ஸ்டார்ட்டர் எடுக்குதான்னு வரிசையா வருவோம். இதுக்கும் அதேதான். முதல்ல அடாப்டர். 9 வோல்ட்னு போட்டிருந்தது, மீட்டர்ல 13 காட்டுச்சு. லோடு இல்லாதப்ப பழைய அடாப்டர் அப்படித்தான் கூடக் காட்டும். ஆக அடாப்டர் நல்லா இருக்கு. அதுக்குள்ள பேரன் நெட் பெட்டியோட அடாப்டரைச் சொருகப் பாத்தான். கையைப் பிடிச்சேன். எங்க கேம் பெட்டிக்கு அடியில வட்டம் போட்டு நடுவுல மைனஸ்னு இருக்கு. இப்ப வர்ற அடாப்டர் பெரும்பாலும் நடுவுல பிளஸ். மாத்திச் சொருகினா உள்ள இருக்கிற ஐசி போயிரும்.

அடுத்தது பெட்டியைத் திறக்கணும். ஆறு ஸ்க்ரூவுல ரெண்டைக் காணோம். அப்பவே யோசிச்சிருக்கணும், யோசிக்கலை.

உள்ள ரொம்ப எளிசுங்க. பழைய ஜப்பான் பெட்டியில தனித்தனியா இருந்த சிப்பெல்லாம் இதுல ஒண்ணா, தாரைக் கொட்டி வச்ச மாதிரி ஒரு கருப்புப் பொட்டுக்குள்ள இருக்கு. அது போச்சுன்னா பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மத்ததெல்லாம் பாத்துரலாம். மூணு கால் வச்ச 7805ன்னு ஒண்ணு இருக்கும். வர்ற வோல்ட்டைக் குறைச்சு 5 வோல்ட்டாக் குடுக்கிறது அதோட வேலை. நடுக் கால் மைனஸ், ஒரு கால்ல உள்ள வரும், இன்னொண்ணுல வெளிய போகும். மீட்டரை வச்சேன். உள்ள வர்ற கால்லயே ஒண்ணுமில்லை. அப்ப கரண்ட் வாய்க்கால்லயே நின்னு போச்சுன்னு அர்த்தம். அடாப்டர் சொருகுற இடத்தைத் திருப்பிப் பாத்தேன்.

அந்த இடம் பூரா எம்சீல் பூசியிருந்துச்சு.

கடையில யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் விளங்குச்சு. நான் இழுத்த இழுப்புல ஈயம் விட்டுப் போயிருக்கு. பையன் எப்பவோ எனக்குத் தெரியாம இறக்கி, கழட்டி, தெரிஞ்ச வரைக்கும் ஒட்டிப் பாத்திருக்கான். ஓடலை. துணியில சுத்தித் திருப்பி அங்கேயே வச்சிருக்கான். நான் வீசினது வெறும் பெட்டிதான், துணி சுத்தலையே. சால்ட்ரிங் அயர்ன் அப்பவும் இதே வீட்லதான் இருந்துச்சு. கேட்டிருந்தா அஞ்சு நிமிச வேலை. கேக்குற மாதிரி நான் வச்சிருக்கலை.

எம்சீலைக் கத்தி முனையில கொஞ்சங் கொஞ்சமாச் சுரண்டி எடுத்தேன். செம்புக் கோடு பிஞ்சிருக்கான்னு பாத்தேன், நல்லவேளை பிய்யலை. புதுசா ஈயம் வச்சேன். இப்ப 7805ல வெளிய போற கால்ல 5 வோல்ட் வந்துச்சு. சிவப்பு லைட் எரிஞ்சதும் பேரன் குதிச்சான்.

அரசாங்கம் குடுத்த 14 இஞ்ச் கலர் டிவி இன்னும் வச்சிருக்கோம். அதுல மாட்டினோம். படத்துக்குப் பதிலாக் கட்டங்கட்டமா என்னமோ வந்துச்சு. உடனே என் மக கேசட்டை எடுத்து ஊதுறா. நீங்களும் ஊதியிருப்பீங்க. ஊதி ஒண்ணும் ஆகறதில்லைங்க. எடுத்துத் திரும்பச் சொருகுறதுலதான் காண்டாக்ட் கிடைக்குது. எச்சில் ஈரம் பட்டா தகடு இன்னும் கறுத்துத்தான் போகும். பென்சில் ரப்பர்ல லேசாத் தேய்ச்சு, செல்போன் கடைக்காரர் குடுத்த ஸ்பிரிட்டைப் பஞ்சுல தொட்டுத் துடைச்சேன். மாரியோ வந்துட்டாரு.

ஆனா திரையில கோடு ஓடிட்டே இருந்துச்சு. கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தது. வீட்டு போர் மோட்டார்ல மாத்தியிருப்பீங்க, அதே சாமான்தான், சின்னது. வருசமானா காஞ்சு போகும். மறுநாள் கோபியில 16 வோல்ட், 1000 மைக்ரோ ஃபாரட் வாங்கியாந்து, கோடு போட்ட பக்கம் மைனஸ்னு பாத்து வச்சேன். படம் நின்னுச்சு. துப்பாக்கியும் வேலை செஞ்சுச்சு. குதிரையை அழுத்துனதும் திரை ஒரு நொடிக்கும் கம்மியா இருட்டாகி, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கியில இருக்கிற கண்ணு அந்த வெளிச்சத்தைப் பாக்குது. புது எல்ஈடி டிவியில வாத்து விழாது, படம் தாமதமா வர்றதுதான் காரணம். பழைய டிவியைத் தூக்கிப் போடாதீங்க.

அன்னிக்கு ராத்திரி பையனுக்குப் போன் பண்ணினேன்.

"தம்பி, உன்ற டிவி கேமு ஓடுது. சொருகுற எடத்துல ஈயம் விட்டிருந்துச்சு. நான் இழுத்ததுலதான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எம்சீலைப் பாத்தீங்களாப்பா? அது கரண்ட் கடத்தாதுன்னு அப்பத் தெரியாது" என்றான். சிரிச்ச மாதிரி இருந்துச்சு. "நீ கேட்டிருக்கலாமேடா"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. விட்டுட்டேன். "அன்னிக்கு அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது சாமி"ன்னு மட்டும் சொன்னேன்.

"ரெண்டாவது ரிமோட்ல ஏ பட்டன் வேலை செய்யுதா?"

"இல்லை."

"அது அப்பவே செய்யாதுப்பா. அதனாலதான் அக்காவுக்கு எப்பவும் அதைக் குடுப்பேன்." பக்கத்துல இருந்த என் மக போனைப் பிடுங்கி நல்லாத் திட்டினா.

பட்டனுக்கு அடியில கருப்பு ரப்பர் இருக்கும், அதோட கரி தேஞ்சிருக்கும். பென்சில் கரியைத் தேய்ச்சா கொஞ்ச நாளைக்கு ஓடும். நானே பாத்துரலாம்னு இருந்தேன். ஆனா போனை வைக்கிறதுக்கு முந்தி பையன் சொன்னான்: "அந்த ரிமோட்டை மட்டும் கழட்டாதீங்கப்பா. எனக்கு வச்சிருங்க. ஆடிப் பதினெட்டுக்கு வந்து நான் பாக்கறேன்."

ரிமோட்டை அட்டாலியில வைக்கலைங்க. டிவி மேலயே வச்சிருக்கேன்.