முதலில் காலித் தட்டு

காலையில் கடை திறந்ததும் அண்ணாச்சி என்ன செய்கிறார்? கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுகிறார். அப்புறம்தான் முதல் வியாபாரம். பி.காம். படித்த எனக்கு அதற்குப் பெயர் ஆரம்ப இருப்பு. அது தப்பென்றால் அன்றைய கணக்கு முழுக்கத் தப்பு.

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனும் இதையேதான் செய்கிறது. அதற்குள் ஒரு ரேடியோ சிப் உண்டு. பேசுவதும் அதுவே, கேட்பதும் அதுவே. டிரான்ஸீவர் என்பார்கள். போனை ஆன் செய்ததும் அது ஊர்ப் பேச்சைக் கேட்கக் கிளம்புவதில்லை. முதலில் தன் குறையைத் தானே அளக்கிறது. ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு சிப்புகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. உள்ளே இருக்கும் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் 10, 20 சதவிகிதம் கூடக்குறைய இருக்கும்.

சாயல்குடியில் கருப்பட்டி வாங்கியிருக்கிறீர்களா? ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனைமரங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். போன கோடையில் அங்கே ஒரு கடையில் நின்றேன். எலக்ட்ரானிக் தராசில் தட்டு காலி. ஆனால் 12 கிராம் காட்டியது. கடைக்காரர், "இருங்க சார், ஃபேனை நிப்பாட்டிட்டு ஜீரோ பண்ணிக்கிடுவோம்" என்றார். காற்றின் எடையைக் கருப்பட்டிக் கணக்கில் சேர்க்காத மனிதர்!

சிப்பிலும் அச்சு அசலாக இதுதான். அனலாக் டிவைசஸ் கம்பெனியின் ஏடி9361 என்ற சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 70 மெகாஹெர்ட்ஸிலிருந்து 6 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். மின்சாரம் வந்ததும் வரிசையாகச் சில சோதனைகள். முதலில் அலையை உண்டாக்கும் பகுதி சரியான இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். அடுத்து, வடிகட்டியின் அகலம். அதற்கப்புறம் காலித் தட்டின் 12 கிராம். அதாவது, சிக்னலே இல்லாதபோதும் உள்ளே தெரியும் பொய் அளவைக் கழிப்பது. கடைசியில், தான் அனுப்புவதைத் தானே கேட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்வது. வரிசை மாறக் கூடாது. இந்த மாதிரி சிப்புகள் தம்மை அளக்கும்போது வெளியிலிருந்து பலத்த சிக்னல் உள்ளே வரவும் கூடாது. ஃபேனை நிறுத்துகிற கதைதான்.

'இத்தனை நுணுக்கம் எதற்கு?' என்பீர்கள். மூக்கையூர், வாலிநோக்கம் பக்கமிருந்து கடலுக்குப் போகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். படகில் வைக்கும் விஎச்எஃப் செட்டில் ஆபத்துக்கென்று உலகம் முழுக்க ஒரே சேனல், 16. அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ்.

ஏடி9361 போன்ற சிப் ஒன்று அந்த செட்டுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வரும் அலையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி வைத்துப் படிக்கும். 90க்குப் பதில் 89 ஆகிவிட்டால் ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு போலி நிழல் முளைக்கும். பலம், அசலில் சுமார் 13,000இல் ஒரு பங்கு. அற்பம்தானே? கணக்குப் போடுவோம். 100 மீட்டரில் ஒரு படகு சத்தமாகப் பேசுகிறது. 20 கிலோமீட்டரில் இன்னொருவர் உதவி கேட்கிறார். தூரம் 200 மடங்கு. அதனால் அவர் சிக்னல் குறைந்தது 40,000 மடங்கு பலவீனம். பக்கத்துப் படகின் நிழல் அவருடைய அலைவரிசைமேல் விழுந்தால், நிழல் நிஜத்தைவிட மூன்று மடங்கு பெரிது. ஒரு டிகிரியில் ஓர் ஆள் குரல் போய்விடும்.

வெயில் ஏற ஏற அளவுகள் நகரும். காலையில் எடுத்த ஆரம்ப இருப்பு மத்தியானத்துக்குச் செல்லாது. நல்ல சிப் ஓடிக்கொண்டே திருத்திக்கொள்ளும்.

ஆனால் ஒரு குறையை மட்டும் அதனால் கண்டுபிடிக்க முடியாது. தன் கடிகாரம் தப்பு என்பதை. எல்லா அளவுக்கும் ஆதாரம் ஒரு சின்ன கிரிஸ்டல். அது பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகினால், சேனல் 16இல் 1,568 ஹெர்ட்ஸ் விலகல். தவறான கடிகாரத்தை வைத்து அந்தக் கடிகாரத்தையே எப்படிச் சோதிப்பது? வெளியே இன்னொரு கடிகாரம் வேண்டும். அதனால்தான் செட் செய்யும் இடத்திலேயே துல்லியமான கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தி அனுப்புகிறார்கள். கணக்குப்பிள்ளை தன் கணக்கைத் தானே ஆடிட் செய்ய முடியாது, இல்லையா?

இஸ்ரோவின் ஆபத்து எச்சரிக்கைக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் போகும். போய்ச் சேர்ந்ததா என்று கடலில் இருப்பவருக்குத் தெரியாது. 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, 'கிடைத்தது' என்று பதில் சொல்கிறது. 2017 நவம்பரில் ஒக்கி புயலில் சிக்கியவர்களை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு வார்த்தையின் விலை புரியும்.

இந்த சிப்புகளுக்கு புரோகிராம் எழுதும் பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். 'செட் சீக்கிரம் ஆன் ஆகணும்' என்று மேலதிகாரி அவசரப்படுத்தினால், வேறு எங்காவது நேரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரையை விடுமுன் சேனல் 16ஐ விட்டு வேறு சேனலில் பக்கத்துப் படகைக் கூப்பிட்டு, "கேக்குதா?" என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து "கேக்குது" என்று பதில் வந்த பிறகு கயிற்றை அவிழ்த்தால் போதும்.