ஆளுக்கொரு தடம்

மிக்சர் வாங்கப் போகிறோம் என்றதும் எங்க ஆயா, ‘காரமா பாத்து வாங்கியா, போன வாட்டி வாங்கியாந்தது சவுத்துப் போயிருந்துச்சி’ என்றது. தின்கிற மிக்சர் இல்ல ஆயா, கொரலையெல்லாம் கலக்குற மிசினு என்று சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தது. ‘யாரு கொரல யாரு கொரலோட கலக்கப் போறீங்க?’ என்று கேட்டது.

அதற்குப் பதில் தேடித்தான் மூணு மாசம் அலைந்தோம்.

நாங்கள் ஐந்து பேர். திண்டிவனத்துப் பக்கத்துக் கிராமம், சேரி. கல்லூரியில் படிக்கிற இரண்டு பிள்ளைகள், ஒரு வாத்தியார், மைக்செட் வைத்திருக்கிற அண்ணன் ஒருத்தர், நான். நம்ம சனங்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து மாசம் ரெண்டு நிகழ்ச்சி போனில் கேட்கிற மாதிரி வெளியிட வேண்டும் என்பது திட்டம். பாட்காஸ்ட் என்கிறார்கள். நடவுப் பாட்டு, ஒப்பாரி, பஞ்சமி நிலம் கைவிட்டுப் போன கதை, பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு, கோர்ட்டுக்கு அலைந்த அலைச்சல், எல்லாமும்.

இதற்கு ஸ்டுடியோ போதாதா என்று கேட்பீர்கள். முன்பு ஒருமுறை பக்கத்து நகரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். பறையைப் பார்த்ததும், ‘அத வெளியவே வெச்சிட்டு வாங்க’ என்றார்கள். கண்ணாடி அதிரும், சவுண்டு வெளியே லீக் ஆகும் என்று காரணம் சொன்னார்கள். முந்தின நாள் அதே அறையில் தவில் பதிவு நடந்திருந்தது. தவிலுக்கு லீக் ஆகாத சவுண்டு பறைக்கு மட்டும் எப்படி லீக் ஆகும்? கேட்டோம். பதில் இல்லை. முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். வீட்டிலேயே பதிவு செய்வது என்று முடிவானது அன்றைக்குத்தான்.

வீடு என்றால் தொகுப்பு வீடு. ஒரு அறை, ஒரு தாழ்வாரம். கான்கிரீட் தளம், சிமெண்டுச் சுவர். கை தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வரும். பழைய சேலை, கோணி, கம்பளி எல்லாவற்றையும் நாலு பக்கமும் தொங்கவிட்டோம். பாதி எக்கோ அடங்கியது. ஃபேனை நிறுத்த வேண்டும், சித்திரை மாசமானாலும் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்த முடியாதது ஒன்று இருக்கிறது. ஊர்க் கோயிலின் கூம்பு ஸ்பீக்கர். ஆடி மாசம் வந்துவிட்டால் விடியற்காலையிலேயே சேரியைப் பார்த்து அலற ஆரம்பித்துவிடும். ஊர்ச் சத்தம் சேரிக்குள் வர யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

இந்த ஸ்பீக்கரை மனசில் வைத்துத்தான் மைக்கையே தேர்ந்தெடுத்தோம். கண்டன்சர் மைக் துல்லியமானது. ஆனால் கோழி கொக்கரிப்பது, பக்கத்து வீட்டில் மாவாட்டுவது, கோயில் பாட்டு எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதற்கு வயர் வழியாகவே 48 வோல்ட் மின்சாரம் அனுப்ப வேண்டும். பேண்டம் பவர் என்று பெயர். டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை. கிட்டத்தில் பேசுகிறவரைத்தான் முதலில் பிடிக்கும், பலத்த அடியையும் தாங்கும். 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இந்த வகைதான். கல்யாண மேடையிலும் கட்சிக் கூட்டத்திலும் உருண்டை வலைத் தலையோடு பார்த்திருப்பீர்களே, அதுவும் அதைப் பார்த்துச் செய்த நகல்களும்தான். மைக்செட் அண்ணனிடம் டைனமிக் மைக் நாலு இருந்தது. ஒரு செலவு மிச்சம்.

மிக்சருக்காகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். ஒரு கடையில், ‘சர்ச்சுக்கா சார், ஆர்கெஸ்ட்ராவுக்கா?’ என்று கேட்டார்கள். ஒப்பாரிக்கும் பறைக்கும் என்றேன். ‘அதுக்கு எதுக்கு சார் மைக்கு, அதுவே ஊருக்கே கேக்குமே’ என்று சிரித்தார் விற்கிறவர். கேட்கும்தான். காது கொடுத்துக் கேட்டவன் யார்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாங்க நினைக்கிற தோழர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் மேல் போட்டிருக்கிற சேனல் கணக்கை நம்பிவிடக் கூடாது. யமஹாவின் எம்ஜி10எக்ஸ்யூ நல்ல மிக்சர். பத்து சேனல். ஆனால் மைக் சொருகுகிற இடம் நாலுதான், மற்றதெல்லாம் கீபோர்டு, பாட்டு இந்த மாதிரி லைன் சமாச்சாரங்களுக்கு. நாலு மைக் நமக்குப் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் யூஎஸ்பி வயரைக் கம்ப்யூட்டரில் சொருகினால் நாலு மைக்கின் குரலும் கலந்து, இடது வலது என்று ரெண்டே தடமாகத்தான் போய்ச் சேரும். யூஎஸ்பி உள்ள சின்ன மிக்சர்கள் பெரும்பாலும் இப்படித்தான். மேடைக்கு இது போதும். கச்சேரி முடிந்தால் வேலை முடிந்தது.

நம்ம வேலை அப்படி இல்லை. இது சாட்சியம். ஆளைக் கூட்டி உட்காரவைத்துப் பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பெரியம்மா ஒருத்தர் கேட்டார்: ‘நான் பேசுறேன் கண்ணு. பேசிட்டு, ராத்திரி படுத்து யோசிக்கிறேன், வேணாம்னு தோணுது. எம் பேச்ச மட்டும் உருவிடுவியா?’ கலந்த பிறகு உருவ முடியாது. மோரில் ஊற்றின தண்ணியை யார் பிரிப்பது? குரலைப் பிரிக்கிற மென்பொருள்கள் இப்போது வந்திருக்கின்றன. ஒரு பாட்டிலிருந்து வாத்தியத்தைப் பிரிக்க உதவும். நாலு பொம்பளைங்க ஒரே மூச்சில் பேசிக்கொள்கிற இடத்தில் அதை நம்பி ஒருத்தியின் பிழைப்பைப் பணயம் வைக்க முடியுமா?

அதனால் ஆளுக்கு ஒரு தடம் தனியாகப் பதிகிற மிசின்தான் வேண்டும் என்று முடிவானது. மல்டிடிராக். ஜப்பானின் ஜூம் கம்பெனி செய்கிற பாட்டிராக் பி4 வாங்கினோம். (கூட்டம் நடத்துகிற ஜூம் வேறு, இது வேறு.) 2020இல் வந்தது. பார்க்க மிக்சர் மாதிரியே இருக்காது, சாப்பாட்டு டப்பா அளவுதான். நாலு மைக் சொருகலாம். ஒவ்வொரு குரலும் எஸ்டி கார்டில் தனித்தனித் தடமாக விழும், கலந்த ஒன்றும் கூடவே விழும். லேப்டாப் தேவையில்லை. கடிகாரத்துக்குப் போடுவோமே அந்தச் சின்ன செல் ரெண்டு போட்டால் ஓடும். எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். குறையும் உண்டு. 24 பிட் கிடையாது, 16 பிட்தான், பழைய சிடி தட்டின் அளவு. இசைத்தட்டு வெளியிடுகிறவர்கள் வேறு பார்க்கலாம். பேச்சுக்கு இது தாராளம்.

போனில் பேசுகிறவர்களையும் இதில் சேர்க்கலாம். நம்ம சனம் பாதி பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறது. அவர்களை அழைத்துப் பேசும்போது, அவர் குரலே திரும்ப அவர் காதுக்குப் போனால் திக்கிப் போவார். அவர் குரலை மட்டும் கழித்துவிட்டு மற்றதை அவருக்கு அனுப்ப வேண்டும். மிக்ஸ் மைனஸ் என்பது இதுதான். சாதாரண மிக்சரில் வயரைச் சுற்றிச் சுற்றி மாட்டித்தான் இதைச் செய்ய முடியும். இதில் தானாகவே நடக்கிறது.

ஹெட்போன் மாட்டுவதற்கும் நாலு இடம், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் காதில் மட்டும்தான் அது இருக்கும். இங்கே பேசுகிற நாலு பேரும் மாட்டிக்கொண்டார்கள். தன் குரல் தன் காதிலேயே கேட்டதும் ஒரு அக்கா பேச்சை நிறுத்திவிட்டது. ‘இது நானாடா? நல்லாத்தான இருக்குது!’

இனிச் சொல்லப்போவது எல்லா மிக்சருக்கும் பொது. நாய்ஸ் கேட் என்று ஒன்று பல மிசின்களிலும் மென்பொருள்களிலும் இருக்கும். இன்ன அளவுக்குக் கீழே உள்ள சத்தம் உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்திவிடுகிற ஏற்பாடு. செய்தி வாசிக்கிறவருக்கு நல்லது. ஒப்பாரிக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சு இழுக்கிறது இருக்கிறது, மூக்கைச் சிந்துறது இருக்கிறது, தோள்மேல் சாய்ந்திருக்கிறவள் ‘ஆமாண்டி எந்தாயி’ என்று முனகுவது இருக்கிறது. கதவு சாத்திக்கொண்டால் இதெல்லாம் வெளியே நின்றுவிடும். ஒப்பாரி பாட்டாகிவிடும், அழுகை இருக்காது. எது குரல், எது இரைச்சல் என்று மிசினுக்குத் தெரியாது. அளவைத் திருகி வைத்தவனுக்குத் தெரிந்ததுதான் அதற்கும் தெரியும். எங்கள் பதிவுகளில் கேட் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். ஃபேன் மாதிரி அடியில் ஓடுகிற உறுமலுக்கு லோ கட் மட்டும் போடுகிறோம், அதுவும் பேச்சுக்கு மட்டும். பறைக்குப் போட்டால் அடி வயிறே போய்விடும்.

பறையைச் சேர்ப்பதில் எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. மைக்செட் அண்ணன் சொன்னார்: ‘எங்கப்பன் செத்த மாட்டுக்கும் அடிச்சாரு, செத்த ஊர்க்காரனுக்கும் அடிச்சாரு. அரப்படி நெல்லுக்குத் தெருமுனையில நின்னாரு. நான் கடன வாங்கி மைக்செட்டு வெச்சதே அந்தக் குச்சியத் தொடக்கூடாதுன்னுதான். இப்ப படிச்ச புள்ளைங்க கலைன்னு சொல்லி மறுபடியும் எங்கையில குடுக்குறீங்களா?’ கல்லூரிப் பெண் விடவில்லை. ‘அவங்க சாவுக்கு அடிச்சாத்தாண்ணே அவமானம். நம்ம பேச்சுக்கு நாம அடிச்சா?’ இந்தச் சண்டை புதுசில்லை. 1990களிலேயே சேரிக்குச் சேரி நடந்தது. பறையைக் கொளுத்தினவர்களும் உண்டு, மேடையேற்றினவர்களும் உண்டு. இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிய ‘மனுசங்கடா’ கேசட்டில் ஓடிக்கொண்டிருந்த அதே தெருவில்தான் இந்த அண்ணனின் அப்பா பறையைப் பரண்மேல் போட்டார். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. முடிவில் தெருப் பையன்கள் மூணு பேர் அடிப்பது, அண்ணன் குச்சியைத் தொடமாட்டார், திருகை மட்டும் பார்த்துக்கொள்வார் என்று ஒப்பானது.

அந்தத் திருகை அவரைவிட யாரும் சரியாக வைத்திருக்க முடியாது. பையன்களைப் பார்த்து, ‘டெஸ்டிங்குக்கு மெதுவா அடிக்காதீங்கடா, சாவு எடுக்குற அடி அடிங்க’ என்றார். சோதனையில் அடக்கி வாசித்துவிட்டுப் பதிவில் வேகம் பிடித்தால் முள் உச்சிக்குப் போய் முட்டிக்கொள்ளும். டிஜிட்டலில் உச்சியைத் தாண்டினது உடைந்த சத்தம்தான், பின்னால் சரி செய்ய வழியில்லை. அதனால் உச்சிக்கு 12 டெசிபல் கீழேயே நிறுத்தினார். மைக்கைப் பறைக்கு நேராக வைக்காமல் ரெண்டு முழம் தள்ளிக் கொஞ்சம் சாய்த்து வைத்தார். வைக்கோல் தீயில் காய்ச்சின தோல் ஆற ஆற சத்தம் இறங்கும். அதையும் கணக்குப் பண்ணி, ‘காய்ச்சின கையோட எடுத்துடணும், ஆறிப் போனா நிறுத்திட்டு மறுபடி காய்ச்சணும்’ என்றார். எந்தக் கையேட்டிலும் இது கிடையாது.

பெரியம்மாவின் பதிவு ஐப்பசியில் நடந்தது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இருந்தால், ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் மூணு சாணாவது இருக்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் குரல் அடுத்தவர் தடத்தில் அதிகம் கசியாது. அப்படித்தான் உட்காரவைத்தோம். ரெண்டு மணி நேரம் பேசினார். சின்ன வயசில் பண்ணையில் வேலை செய்தது, கூலி கேட்டதற்கு அவர் அக்காவுக்கு நடந்தது. நடுவில் ஒரு பெயரைச் சொன்னார். தெளிவாக, அப்பன் பேரோடு சேர்த்து.

மறுநாள் காலையில் வந்து நின்றார். ‘அந்தப் பேரு வேணாம். அவன் செத்துட்டான். அவம் பேரங்கிட்டதான் எம் மவன் டிராக்டர் ஓட்டுறான்.’

அவர் எதிரிலேயே லேப்டாப்பைத் திறந்து அவர் தடத்தில் அந்த இடத்தை வெட்டினோம். மற்ற மூணு தடத்திலும் வால்யூமை ஏற்றிக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அந்தப் பெயர் கசிந்திருந்தது. எவ்வளவு தள்ளி வைத்தாலும் ஒரே அறையில் அவ்வளவுதான் முடியும். நாலு தடத்திலும் அதே இடத்தை வெட்டினோம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரெண்டு தரம் கேட்டார்.

‘அழிச்சிட்டியா, மறைச்சிட்டியா?’

கார்டில் அப்படியே இருக்கிறது என்று சொன்னேன். ‘அந்தக் கார்ட எங்கிட்ட குடுத்துடு’ என்றார். அழிக்கச் சொல்லவில்லை. வெட்டின பதிவு மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது, நிகழ்ச்சியாகப் போனதும் அதுதான். கார்டு பெரியம்மாவின் சுருக்குப்பையில் பாக்கோடும் சில்லறையோடும் கிடக்கிறது. அடுத்த பதிவுக்கு வேறு கார்டு வாங்கிவிட்டோம்.