விஷிக்கு எங்க வீட்ல ரெண்டு ஓட்டு

அப்பா எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து ரெண்டு மாசமாச்சு. கன்னடம் தெரியாது, பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. பால்கனியில உக்காந்து ஓசூர் ரோட்டையே பாத்துக்கிட்டிருப்பார். "ஊருக்கு டிக்கெட் போட்டுடுப்பா"ன்னு தினம் ஒரு தடவை கேப்பார்.

போன ஞாயிறு என் பையன் கொளுத்திப் போட்டான். "எல்லா காலத்துக்கும் பெஸ்ட் பேட்ஸ்மேன் கோலிதான்." விடுவேனா? டெஸ்ட்ல கோலி 30 சதம், சச்சின் 51. சராசரி 46.85, 53.78. (பிராட்மேனோட 99.94-ஐ நான் வேணும்னே இழுக்கலை, இழுத்தா சச்சினும் காலி!)

பால்கனியிலேர்ந்து குரல்: "குண்டப்பா விஸ்வநாத்."

"14 சதம்தானேப்பா?"

"அந்த 97 உன் கணக்குல வராதுடா."

1975 ஜனவரி, சேப்பாக்கம் பொங்கல் டெஸ்ட். ஹெல்மெட் இல்லாத காலம். ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட்டைச் சாய்ச்சார், இந்தியா 190-க்கு ஆல் அவுட். கூட நிக்க ஆளில்லாம விஸ்வநாத் 97 நாட் அவுட். கடைசியில ஜெயிச்சது நாமதான், 100 ரன் வித்தியாசத்துல. மூணு ரன் குறைஞ்சதால சதக் கணக்குல இல்லை. நான் வாயை மூடிக்கிட்டேன்.

கதவு திறந்திருந்துச்சு. எதிர் ஃப்ளாட் கன்னடத் தாத்தா எட்டிப் பாத்தார். "விஷியா? நம்ம பத்ராவதி ஹுடுகா!" அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஹால்ல நின்னு வெறுங்கையாலயே ஸ்கொயர் கட் ஆட ஆரம்பிச்சாங்க. பாஷையாவது ஒண்ணாவது!

இப்போ தினம் காலையில ஒண்ணா வாக்கிங் போறாங்க. சச்சினுக்கு எங்க வீட்ல ஒரே ஓட்டுதான். டிக்கெட் பேச்சு இந்த வாரம் வரலை.