ஈசல் விழும் ஏரியில் இறகுத் தூண்டில்!

கங்கைகொண்ட சோழபுரம் வருபவர்கள் பெரும்பாலும் பெரிய நந்தியோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளி, ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் இருக்கிறது. இப்போது அதன் பெயர் பொன்னேரி. மழை விட்ட மாலையில் அரியலூர், பெரம்பலூர் ஏரிக்கரைகளில் நின்றால் ஒரு காட்சி கிடைக்கும். புற்றிலிருந்து கிளம்பிய ஈசல்கள் தண்ணீரில் விழ, 'சொளக்' என்று மேலே வந்து கவ்வும் கெண்டைகள்!

அந்த நேரத்தில் மண்புழுவைக் கோத்து அடியில் இறக்கினால் தக்கை அசையாமலே நிற்கலாம். மீனின் கவனம் முழுக்க மேலேதான்.

இந்தக் கணக்கில் பிறந்ததுதான் 'டிரை ஃபிளை'. தூண்டில் முள்ளில் இறகு சுற்றிக் கட்டிய, மூழ்காமல் மிதக்கும் பொய்ப்பூச்சி. இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட் 1886-ல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். அவர்களுடைய குறி டிரவுட். குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் அந்த மீனுக்கு நம் வெயில் ஆகாது. தமிழ்நாட்டில் அதைத் தேடி நீலகிரிக்குத்தான் போக வேண்டும். அவலாஞ்சியில் 1907-ல் ஹென்றி வில்சன் அமைத்த டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அங்கே உண்டு. பூச்சி கட்ட டிரவுட் எதற்கு? இங்கே கெண்டையும் வெள்ளிச்சியும் போதும்.

12 அல்லது 14-ம் எண் முள்ளை ஒரு இடுக்கியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பருத்தி விளையும் பெரம்பலூரில் நூலுக்கா பஞ்சம்? மெல்லிய தையல் நூலே போதும். முள்ளின் தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றி, பின்முனையில் நாலைந்து இறகு இழைகளை வாலாகக் கட்டுங்கள். பிறகு நூலையே உடம்பாகச் சுற்றிக்கொண்டு முன்னால் வாருங்கள். கண்ணுக்குச் சற்று முன்பாகச் சேவலின் கழுத்து இறகு ஒன்றைக் கட்டி, நான்கைந்து சுற்று. இழைகள் சிலிர்த்து நாலாபுறமும் நிற்கும். முடிச்சுப் போட்டு ஒரு சொட்டு நெயில் பாலிஷ். அவ்வளவுதான்.

சேவல் இறகுதான் வேண்டும். பெட்டையின் இறகு மென்மையானது, தண்ணீரைக் குடித்துவிடும். விறைப்பான சேவல் இழைகளோ நீர்ப்பரப்பின் மேல் கால் ஊன்றி நிற்கும். இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு இருந்தால் சரி. கொஞ்சம் வாசலின் தடவினால் இன்னும் நேரம் மிதக்கும்.

வீட்டுச் சேவல் உதிர்த்த இறகே போதும். காட்டுக்கோழி பக்கம் போகவே கூடாது. மஞ்சள் மெழுகுப் பொட்டு வைத்ததுபோன்ற பிடரி இறகுக்காகவே தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழி ஒரு காலத்தில் ஏராளமாக வேட்டையாடப்பட்டு, வெளிநாட்டுத் தூண்டில்காரர்களுக்குப் போனது. இப்போது 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதற்குக் காவல்.

எங்கே வீசுவது? கரைவெட்டி வேண்டாம். 1999 முதல் பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சார் தகுதியும் வந்துவிட்டது. அங்கே மீன் வரித்தலை வாத்துகளின் அக்கம்பக்கத்தாருக்கு! மற்ற ஏரிகளில் மீன்பிடி உரிமை ஏலம் போயிருக்கலாம், எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரீல் தேவையில்லை. மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, நுனியில் பூச்சி. ஜப்பானில் 'டென்காரா' என்று இப்படித்தான் பிடிக்கிறார்கள். முள் நுனியின் எதிர்முள்ளை இடுக்கியால் அழுத்திவிட்டால், குஞ்சு மீனைக் காயமில்லாமல் விடலாம். குழந்தைகளின் விரலில் ஏறினாலும் சுலபமாக எடுக்கலாம்.

நாலைந்து பூச்சிகளை வீட்டிலேயே கட்டி எடுத்துப் போங்கள். ஈசல் கொஞ்ச நேரம்தான் பறக்கும். கரையில் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தால் இருட்டிவிடும்.