எப்பிங்காம் என்றொரு தோட்டம்

பண்டார் உத்தாமா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, ஒன் உத்தாமா பேரங்காடியைத் தாண்டிக் குடியிருப்புகளுக்குள் நடந்தேன். இங்கே பல தெருக்களுக்குப் பெயர் கிடையாது. பி.யூ. என்ற இரண்டெழுத்தும் எண்களும்தான். ஒரு காலத்தில் இது செம்பனைத் தோட்டம், லயங்கள் இருந்த இடம் என்பதை எந்தத் தெருப்பலகையும் சொல்லவில்லை. சொல்வது தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகை மட்டும்: எஃபிங்ஹாம்.

பேத்தியை அழைத்துப்போக வந்த பெரியவர் வாசலில் நின்றிருந்தார்.

"ஐயா, தோட்டத்துல எப்படிச் சொல்லுவீங்க?"

"எப்பிங்காம்தான் தம்பி. பிள்ளைங்கதான் இப்ப வேற மாதிரி சொல்லுதுங்க."

பத்திரிகைகளிலும் கோயில் அழைப்பிதழ்களிலும் எஃபிங்ஹாம், எப்பிங்காம், எபிங்காம் என்று எழுத்து மாறிக்கொண்டேதான் இருக்கிறது. படித்தவர்கள் பலர் பெரியவரின் உச்சரிப்பைக் கொச்சை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில் இதே பெயரில் பழைய சிற்றூர் ஒன்று உண்டு. எஃபா என்பவனின் கூட்டத்தார் வாழ்ந்த மனை என்று பெயர்க்காரணம் சொல்கிறார்கள். 1086இல் வில்லியம் மன்னர் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் அந்த ஊர் 'எப்பிங்கெஹாம்' என்றே பதிவாகியிருக்கிறது. பிரெஞ்சு பேசும் ஆட்சியாளர்களுக்காக லத்தீனில் கணக்கெழுதியவர்கள் காதில் விழுந்ததை அப்படி எழுதினார்கள். இன்று அது ஆவணம். அறிஞர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். பால் மரமும் செம்பனையும் பார்த்த நம் பாட்டன்மார் தமிழ் நாக்குக்கு வந்தபடி சொன்னதும் அதே 'ப்'தான். அதை மட்டும் பிழை என்பது என்ன நியாயம்?

சுபாங் ஜெயாவுக்கு சீபீல்ட், பூச்சோங்குக்கு காசல்பீல்ட் என்று தோட்டப் பெயர்களைப் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகளே காத்து வைத்திருக்கின்றன. கிள்ளான் பக்கம் பிராஃபர்டன் இருக்கிறது. இங்கிலாந்தில் அந்தப் பெயருக்கு அகன்ற ஆற்றுத்துறை அருகிலுள்ள பண்ணை என்று பொருள். டூம்ஸ்டேயில் அது 'பிராட்ஃபோர்டுனே'.

பள்ளி ஆண்டு மலர் தொகுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அரசுப் பதிவிலுள்ள எழுத்தைப் போடுங்கள். கூடவே, தோட்டத்தார் வாயில் வழங்கிய வடிவத்தையும் ஆண்டோடு, யார் சொன்னார்கள் என்ற குறிப்போடு அச்சிடுங்கள். பிராஃபர்டனைப் பாட்டிமார் எப்படிச் சொன்னார்கள் என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள்.